பனகல் பூங்காவிலிருந்து இலவச வேனில்

காலை ஏழு பத்து. பனகல் பூங்காவின் வடக்கு வாசலில் வெள்ளை மெட்டடோர் வேன் ஒன்று நின்றது. முன்கண்ணாடியில் சாமந்தி மாலை. கதவருகே ஒருவர் இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார். குடிக்கவா என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான் சார்" என்றார்.

1997 மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மனை விற்பவர்கள் தி. நகரிலிருந்து இப்படி இலவச வேன் விடுவார்கள். காலையில் ஏற்றிப் போய், மனையைக் காட்டி, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து, மாலைக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நான் வேலை செய்த பத்திரிகையிலேயே அந்த விளம்பரம் வந்திருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதைப் படித்தவன் என்ற முறையில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அபிராமபுரத்தில் வாடகைக்கு இருப்பவனுக்கு மனை என்றால் ஒரு சபலம். ஏறிக்கொண்டேன்.

பதினான்கு பேர் வந்தோம். நிறுவனத்தின் ஆள் செல்வம் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார். சைதாப்பேட்டை பாலத்தருகே ஒரு கணவன் மனைவி ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார்கள். அவர் ஏழுமலை, வடபழனி ஸ்டுடியோக்களில் செட் போடும் தச்சர். மனைவி தனம். அடையாற்றங்கரையில் அவர்களுடைய குடிசை. ஒரு மாதம் முன்பு யாரோ வந்து அந்த வரிசை முழுக்க எண் எழுதிவிட்டுப் போனார்களாம். எப்போது காலி செய்யச் சொல்வார்கள், எங்கே கொண்டுபோய் விடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்குள் சொந்தமாக ஒரு இடம் வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள். முன்பணம் ஏழுமலையின் சட்டை உள்பையில் இருந்தது. அதைப் பேசும்போதெல்லாம் அவர் கை தானாக அங்கே போனது.

பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் வந்ததும் வேனில் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். செல்வம் சிரித்தார். "இதெல்லாம் தாண்டித்தான் சார் நம்ம இடம். சுத்தமான கிராமத்துக் காத்து."

எட்டே முக்காலுக்குச் செங்கல்பட்டு. தேநீர் அவர்கள் செலவு. அங்கிருந்து வாலாஜாபாத் சாலையில் பதினான்கு கிலோமீட்டர் போய், இடப்பக்கம் ஒரு மண் பாதையில் திரும்பினோம். ஆலந்தாங்கல் என்ற ஊர். ஒன்பதரைக்கு இறங்கினோம்.

சுற்றிலும் நிலம் சாம்பல் நிறம். மனைப்பிரிவு மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கற்கள், வரிசையாகத் தென்னங்கன்றுகள். ஒரு கன்றைத் தொட்டேன், ஆடியது. வேர் பிடிக்கவில்லை. ஏழுமலை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செட்டு மாதிரியே கீது சார். நாளைக்கு ஷூட்டிங் முடிஞ்சா கழட்டிடுவாங்க போல."

செருப்பு முனையால் தரையைக் கீறினேன். மேலாக நாலு விரல் கனம்தான் செம்மண். அதன் கீழே கறுத்த சேறு காய்ந்து கிடந்தது. அதில் மாட்டு மயிரும், நீலம் பாய்ந்த தோல் துணுக்குகளும் இருந்தன. முன்பு இங்கே என்ன இருந்தது என்று செல்வத்தைக் கேட்டேன். ஏதோ ஷெட் இருந்தது, இடித்து ஏழெட்டு வருஷம் ஆகிறது என்றார். மண்ணை யாராவது சோதித்தார்களா என்றதற்கு, பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது என்றார். நான் கேட்டது அதை இல்லை.

பிறகு எங்களை அடிபம்புக்கு அழைத்துப் போனார். கேன்கள் ஏற்றியவர் ஒரு கேனை எடுத்துப் பம்பின் தலையில் நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார். நாலு அடி அடித்ததும் தெளிந்த நீர் கொட்டியது. செல்வம் எவர்சில்வர் டம்ளர்களில் பிடித்து நீட்டினார். நானும் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த ஒரு மாமி, "நம்மாத்துக் குழாய்த் தண்ணி மாதிரியே இருக்கே" என்று கணவரிடம் வியந்தார்.

தனம் டம்ளரை வாங்கவில்லை. சைதாப்பேட்டையில் அவர்கள் தெருப் பம்புக்கும் தண்ணீர் ஊற்றித்தான் உயிர் கொடுக்க வேண்டும். ஊற்றிய தண்ணீர் திரும்பி வரும்வரை குடம் வைக்கக் கூடாது என்பது வரிசையின் சட்டம். மீறினால் சண்டை.

"நீ ஊத்துன தண்ணிய நீயே குடிச்சிக்கினு கீற நைனா" என்றார் தனம். "தள்ளு."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். செல்வம், போதும்மா, வாஷர் போயிடும் என்றார். தனம் நிறுத்தவில்லை. முதலில் தெளிவு, பிறகு லேசான மஞ்சள், பிறகு பழுப்பு. காலையில் பல்லாவரத்தில் மூக்கைப் பொத்தவைத்த அதே வாடை எழுந்தது. மாமி கையிலிருந்த டம்ளரைக் கீழே கவிழ்த்தார்.

"மொத மழைக்கு எல்லாம் சரியாயிடும்" என்றார் செல்வம்.

பாதை முனையில் ஒரு தேநீர்க்கடை. கடைக்காரரிடம் தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று தனம் கேட்டார். பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் கொண்டுவருவதாகச் சொன்னார். தோல் கம்பெனி ஓடியபோதே கிணறுகள் கெட்டுவிட்டன. கம்பெனி மூடியது, கிணறு தெளியவில்லை. உங்கள் நிலம் எங்கே என்று நான் கேட்டேன். செம்மண் கொட்டியிருக்கும் பக்கத்தைக் கை காட்டினார். "இவங்களுக்கேதாங்க குடுத்தேன். தாம்பரத்துல ஒரு எடம் பாத்திருக்கேன்."

ஒரு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம். அப்போதே நான்கு பேர் முன்பணம் கட்டியிருந்தார்கள். நாலு வருஷத்தில் விலை ஏறும், நாம் என்ன குடியா வரப்போகிறோம் என்று அவர்களில் ஒருவர் எனக்கு விளக்கினார். நான் கட்டவில்லை.

திரும்பும் வழியில் தனம், "சோறாக்க முடியாத எடத்துல வூடு எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டார். குரோம்பேட்டை வந்ததும் ஏழுமலை வெளியே பார்த்தபடி சொன்னார்.

"இப்ப மட்டும் பன்னீரு ஓடுற ஆத்து பக்கத்துலயா குந்திக்கினு கீறோம்? லாரில ஏத்திக்கினு போய் எங்கியோ எறக்குவான். அங்க தண்ணி எப்டின்னு நம்மள கேப்பானா? இது நாறுனாலும் நம்ம பேர்ல நாறும்."

"புள்ளைங்க குடிக்குமா அந்தத் தண்ணிய?"

செல்வம் இந்தப் பேச்சின்போது பின்னால் திரும்பவில்லை. ஆனால் முன்கண்ணாடிக்கு மேலிருந்த சிறு கண்ணாடியில் அவர் கண்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தன.

நான்கு மணிக்கு வேன் சைதாப்பேட்டை பாலத்தருகே நின்றது. தனம் இறங்கினார். கதவைப் பிடித்துக்கொண்டு, "எறங்கு" என்றார்.

"நீ போ, வரேன்."

தனம் கதவை விடவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். தனம் கையை எடுத்ததும் வேன் நகர்ந்தது. செல்வம் எழுந்து வந்து, காலியான இடத்தில் உட்கார்ந்தார்.

நாலரைக்குப் பனகல் பூங்கா. நான் அபிராமபுரம் போக ஆட்டோ தேடினேன். நிறுவனத்தின் அலுவலகம் எதிர்ச்சாரியில், துணிக்கடைக்கு மேல் முதல் மாடியில். ஏழுமலை செல்வத்தின் பின்னால் படியேறிப் போனார்.