ஊசி படாத முப்பது தலையணைகள்

தைக்காத தலையணை ஒரு தலையணையா என்று பொற்கொடியை முதலில் கேலி செய்தவள் நான்தான். துடியலூரில் இருபது வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் வேறு எப்படிப் பேசுவேன்? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்தவள். ஒருநாள் ஊசி வலது ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கி உள்ளேயே ஒடிந்துவிட்டது. விரல் பிழைத்தது. ஆனால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டாலே அவளுக்குக் கை நடுங்கும். நான் தைத்துக்கொண்டிருந்தால் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள்.

சும்மா உட்காருகிறவளா அவள்? கிலோ கணக்கில் துணி விற்கும் கடையிலிருந்து திருப்பூர் மிச்சத் துணியை அள்ளிக்கொண்டு வந்தாள். பனியன் துணியை வெட்டினால் ஓரம் பிரியாது, அதுதான் சூட்சுமம். இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நான்கு ஓரத்திலும் விரலகலத்துக்கு வால் வாலாக வெட்டி, மேல் வாலையும் கீழ் வாலையும் சேர்த்து இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுவாள். கை நுழைகிற அளவு இடம் விட்டுப் பஞ்சைத் திணித்து, அதையும் முடிந்துவிட்டால் தீர்ந்தது வேலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குத்தான் ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக மழலைப் பள்ளி ஆரம்பிக்கிற நந்திதா மேடம் அவளிடம் முப்பது தலையணை கேட்டார். "முன்னாடி நான் வேலை பாத்த எடத்துல, தலகாணிக்குள்ள ஒடஞ்ச ஊசி கெடந்து ஒரு குழந்தை கையில ஏறிருச்சுங்க. உங்களுதுல ஊசியே படாதுன்னா எடுத்துக்கறேன்" என்றார்.

"படாதுங்க மேடம். அதுக்கு நான் பொறுப்புங்க" என்றாள் பொற்கொடி.

அதே வாரம் பழைய கம்பெனி சூப்பர்வைசரும் போன் செய்தான். திங்கட்கிழமை கம்பெனி வேனில் ஏறி வேலைக்கு வராவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆள். பொற்கொடி என்னிடம் சொன்னாள்: "இந்த முப்பதும் நல்லபடியா போய்ச் சேந்தா ஊட்டோட தொழில் பண்ணிக்குவனுங்க்கா. இல்லீன்னா மறுபடி மெஷின்தான்." சொல்லும்போதே அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளி திறப்பு. ஒன்பதே காலுக்கு ஆட்டோ வரும். எட்டரை மணிக்கு நான் போனபோது முப்பதும் கட்டில்மேல் அடுக்கியிருந்தது. என் கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து ஒரு வாலை இழுத்தேன். முடிச்சு சட்டென்று அவிழ்ந்தது. அடுத்ததை இழுத்தேன், அதுவும் அவிழ்ந்தது. இடைவெளியில் பஞ்சு பிதுங்கியது.

பொற்கொடி அதைப் பிடுங்கி முடிச்சைப் பார்த்தாள். "இது நான் போட்டதில்லீங்க்கா."

போட்டது அவள் புருஷன் நஞ்சப்பன். முந்தின நாள் லீவு போட்டுவிட்டுப் பொண்டாட்டிக்கு ஒத்தாசையாகப் பதினைந்து தலையணையை முடிந்திருக்கிறான். சின்ன வயசிலிருந்து பண்ணையத்தில் மாடு கட்டிய கை. மாடு எவ்வளவு திமிறினாலும் அவிழாது, ஆனால் தீயோ பாம்போ வந்தால் ஆள் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடலாம், அப்படி ஒரு முடிச்சு. அதைத்தான் போட்டிருந்தான். மூன்று வயசுக் குழந்தைகள் வாலைக் கண்டால் இழுக்காமல் விடுமா? பஞ்சை வாயில் வைக்காமல் விடுமா?

"ஏனுங்க, மாட்டுக் கவுறுன்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்று கத்தினேன்.

"கெட்டியா இருக்கட்டும்னுதானுங்க்கா போட்டேன்" என்றான் அவன், அழாத குறையாக.

ஒரு தலையணைக்கு நாற்பது முடிச்சு. பதினைந்துக்கு அறுநூறு. உட்கார்ந்தோம். நஞ்சப்பனுக்கு இரட்டை முடிச்சு வரவே இல்லை. விரல் தானாக மாட்டு முடிச்சையே போட்டது. "நீங்க அவுக்க மட்டும் செய்யுங்க" என்றாள் பொற்கொடி. அவன் அவிழ்க்க, நாங்கள் இருவரும் முடிந்தோம். வால் இழுத்து இழுத்து விரல் நுனி எரிந்தது. ஒன்பது அடித்தபோது இன்னும் ஐந்து பாக்கி.

"எம்பட மெஷின்ல ஓரமா ஒரு ஓட்டு ஓட்டிடலாம். எவ கண்டா?" என்றேன்.

"வேண்டாமுங்க்கா. படாதுன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பெரிய அரிச்சந்திரன் வீட்டு வாரிசு! திங்கட்கிழமை வேனில் ஏறப்போகிறாளே என்ற பயம் எனக்கு. அவளுக்கு வாக்குதான் பெரிசு. "கேஸ் அடுப்ப அணச்சுட்டு வாரேன்" என்று சொல்லி, இன்னும் அவிழ்க்காத இரண்டு தலையணையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தேன். டிவியைச் சத்தமாக வைத்தேன். முடிச்சுகளை ஒட்டி நான்கு ஓரமும் ஓட்டினேன். இரண்டாவதில் ஒரு முடிச்சில் முட்டி டக்கென்று ஊசி ஒடிந்தது. வேறு ஊசி மாட்டி முடித்தேன். ஒடிந்த துண்டைத் தேட நேரமில்லை. திரும்பிப் போய்க் குவியலோடு குவியலாகச் சேர்த்தேன். அவசரத்தில் யாரும் எண்ணவில்லை. மற்ற மூன்றையும் அவள் முடிப்பதற்கும் ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பள்ளியில் நந்திதா மேடம் வாசலிலேயே நின்றிருந்தார். பொற்கொடி ஒவ்வொரு தலையணையாக எடுத்து, ஓரத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவிவிட்டு அவர் கையில் கொடுத்தாள். இருபதாவதோ என்னவோ, தையல் தட்டுப்பட்டு அவள் விரல் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதைத் தனியாகக் கீழே வைத்தாள். கொஞ்சம் கழித்து இன்னொன்றையும் வைத்தாள்.

"மேடம், இருபத்தெட்டுதானுங்க. இந்த ரெண்டுல ஊசி பட்டுப்போச்சுங்க. வேற செஞ்சு கொண்டாந்து குடுத்தர்றனுங்க."

என் பேரைச் சொல்லவில்லை. மேடம் ஒரு தலையணையின் வால்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சும் அசையவில்லை. இன்னொன்றை எடுத்து இழுத்தார்.

"சாயங்காலம் நாலு மணிக்குள்ள வந்துரோணும்" என்றார். "அப்படியே பீளமேட்டுல எங்க அக்கா ஸ்கூலுக்கும் எத்தன வேணும்னு கேட்டு வெக்கறேன்."

ஆட்டோவில் வரும்போது பொற்கொடி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு தலையணையையும் வாங்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தையலைப் பிரித்தேன். இரண்டாவதைப் பிரித்துப் பஞ்சை உதறியபோது சிமெண்ட் தரையில் டிங்கென்று ஏதோ விழுந்தது. குனிந்து தேடினேன். ஒடிந்த ஊசியின் முனை. அரை அரிசி நீளம்கூட இருக்காது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எந்தக் குழந்தையின் கையோ, எந்தக் குழந்தையின் வாயோ. சீ, நானும் ஒரு மனுஷியா?

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கீழே உட்கார்ந்து அந்த இரண்டுக்கும் புதுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினேன். ஊசி முனையைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள். எழுந்து என் வலது கையைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்க கையில ஒண்ணும் ஏறலீங்களே, கீதாக்கா?" என்றாள்.