எதிரி நாற்காலியில் இருந்தவர்

தலைமையகத்தில் அந்த மேஜருக்கு 'எதிரி' என்றே பெயர். அவருடைய வேலை அப்படி. மற்ற அதிகாரிகள் வகுக்கும் போர்த்திட்டத்தை எதிரியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்ல வேண்டும். அதற்கென்றே பிறந்தவர்போலச் சொல்லுவார். வீட்டுக்கு வந்தபிறகும் அதை நிறுத்தத் தெரியாததுதான் தொல்லை. மச்சினி கல்யாணத்துக்குக் கிளம்பும்போதுகூட, "போற வழியில பாலம் உடைஞ்சிருந்தா?" என்று கேட்டார்.

"நீங்க மட்டும் இக்கரையிலேயே இருங்க" என்றாள் மனைவி.

பதவி உயர்ந்தது. கர்னலாகி, ஒரு படைப்பிரிவுக்கே தலைவரானார். வருடாந்தரப் போர்ப் பயிற்சிக்கு முதன்முறையாகச் சொந்தமாக ஒரு திட்டம் தீட்டினார். எதிர்த்தரப்பு குன்றின்மேல் இருக்கும். சதுப்பு வழியாகப் பதுங்கிப் போய்ப் பின்னாலிருந்து மடக்க வேண்டும். வரைபடத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எதிரி நாற்காலியில் இப்போது ஒரு பெண் கேப்டன்.

"நான் எதிரியா இருந்தா குன்றுமேல இருக்கவே மாட்டேன் சார். அங்க தண்ணி கிடையாது."

"குன்றை விடுறவன் முட்டாள்."

"அந்த முட்டாள் கீழ வந்து நம்ம எரிபொருள் கிடங்கைப் பிடிச்சுட்டா, நாம வெறும் குன்றை வெச்சுக்கிட்டு நிப்போம் சார்."

கர்னலின் காது சிவந்தது. "யோசிச்சுப் பேசுங்க" என்று கூட்டத்தைக் கலைத்துவிட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "எதைச் சொன்னாலும் ஒரு நொட்டை. எப்படித்தான் அந்தப் பொண்ணோட காலந்தள்ளுறதோ."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் காலை கேப்டனின் மேசைக்கு அவரே போனார். முகம் என்னவோ உர்ரென்றுதான் இருந்தது.

"சரி, குன்றுமேல இல்லைன்னே வெச்சுக்குவோம். எங்க இருப்பான், காட்டுங்க."

இருவரும் மதியம்வரை மல்லுக்கட்டினார்கள். சதுப்பு வழியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கிடங்குக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி வீரர்களை மறைத்து வைக்க மட்டும் சம்மதித்தார்.

பயிற்சியன்று, குன்றின்மேல் பேருக்கு நாலைந்து பேரை நிறுத்திவிட்டு, எதிர்த்தரப்பு மொத்தமும் கிடங்கை நோக்கி இறங்கியது. மறைந்திருந்த கம்பெனி தாக்குப்பிடித்தது. இடுப்பளவு சேற்றோடு கர்னலும் ஆட்களும் வந்து சேருவதற்குள் மூச்சே போய்விட்டது. நடுவர்கள் மயிரிழையில் இவர்களுக்கு வெற்றி என்றார்கள். அந்த மயிரிழை யாருடையது என்பதைக் கர்னல் எல்லோர் முன்னாலும் சொன்னார், கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு.

அதிலிருந்து திட்டக் கூட்டங்களில் அவர் கடைசியாகத்தான் வாய் திறப்பது. முதலில் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிடுகிறார்கள் என்பது காரணம். ஆனால் சும்மா இருப்பது அவருக்கு லேசில் வருவதில்லை. வாய் துறுதுறுக்கும்போதெல்லாம் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொள்கிறார். கூட்டம் நீண்டால் தட்டு காலி.