பணிமனை வழியாகப் பள்ளிக்கரணைக்கு

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் கிழக்கில் ஒரு பஸ் வந்து நின்றது. "பள்ளிக்கரணை போட்டிருக்கு, ஏறு!" என்று என் மகள் யாழினியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, போர்டுல பணிமனைன்னு கீது. டெப்போவுக்குப் போவுது. பஸ் கழுவ ஆளு வேணும்தான், வரீங்களா?"

"எழுத்து மங்கிப்போயிருக்குப்பா" என்றேன், இறங்கிக்கொண்டே.

"புது எல்.ஈ.டி. போர்டும்மா" என்றாள் யாழினி.

பிளஸ் டூ முடித்தவள். கண்ணைச் சோதித்துப் பவர் சொல்லும் ஆப்டோமெட்ரி படிப்புதான் வேண்டும் என்று ஒரே பிடி. சிறுசேரிப் பக்கம் ஒன்று, பள்ளிக்கரணையில் ஒன்று என இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. எது என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். நாலு வருஷப் படிப்பு. பணிமனை பஸ்ஸிலிருந்து இறங்கியது மாதிரி பாதியில் இறங்கிவிட முடியாது.

அடுத்து வந்தது சோழிங்கநல்லூர் பஸ். சரி, சிறுசேரியையே முதலில் பார்ப்போம் என்று ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம்; மேடவாக்கம் நெரிசலும் இலவசம். சோழிங்கநல்லூரில் ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய்.

"கண்ணாடிப் படிப்பாமே, அந்தக் காலேஜுக்குப் போகணும்ப்பா" என்றேன்.

ஆட்டோக்காரர் கொண்டுபோய் இறக்கிவிட்டு மேலே கை காட்டினார். "இத்தவிடக் கண்ணாடி வேற எங்கக்கா கீது?" அண்ணாந்து பார்த்தேன். ஐந்து மாடியும் கண்ணாடி! விசாரித்தால், நாங்கள் தேடி வந்ததும் அதுதான்.

உள்ளே ஏ.சி., சோபா, பாதாம் பால். நான் பாதி சேர்ந்தேவிட்டேன். யாழினி அங்கிருந்த அதிகாரியிடம் ஒன்றுதான் கேட்டாள்: "பேஷன்ட்டை எப்ப சார் பார்ப்போம்?"

"கடைசி வருஷம்மா. அதுவரைக்கும் பொம்மைக் கண்ணு இருக்கு. நிஜக் கண்ணு தோத்துப்போயிடும்."

"பொம்மைன்னா எதிர்த்துப் பேசாது, நல்லதுதானே?" என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கரணை. சதுப்புநிலக் காற்று வாசனையோடு வரவேற்றது. பழைய கட்டடம், சோபா கிடையாது. கீழ்த்தளம் முழுக்க இலவசக் கண் பரிசோதனை, மாணவர்களே பார்க்கிறார்கள். "சும்மாதானே இருக்கே, நீயும் காட்டு" என்று யாழினி என்னை வரிசையில் உட்காரவைத்தாள்.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர் எழுத்துகளை உரக்கப் படித்தார். என் காது ரொம்பக் கூர்மை. என் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "ட, ப, ம, ர, க!" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"ஆன்ட்டி," என்றாள் மூன்றாம் வருஷ மாணவி மெதுவாக, "அவருக்கப்புறம் அணைச்ச போர்டு லைட்டை நான் இன்னும் போடவே இல்ல."

கூடமே சிரித்தது. "எம் பாடத்தையே ஒப்பிச்சிட்டியேம்மா!" என்றார் பெரியவர். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. போர்டை மாற்றினாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க ஆன்ட்டி, இது பரீட்சை இல்ல" என்று வில்லை வில்லையாக மாற்றிப் பார்த்தாள். மங்கிக் கிடந்த கடைசி வரி சட்டென்று கறுப்பாக எழுந்து நின்றது.

யாழினி வைத்த கண் வாங்காமல் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதாம்மா சேரணும்" என்றாள் வெளியே வந்ததும். "பொய் சொல்ற பேஷன்ட்டைச் சமாளிக்க அந்தப் பொம்மையை வெச்சு எப்படிக் கத்துக்கறது?"

எனக்குக் கண்ணாடி அடுத்த வாரம்தான் வரும். பஸ் ஸ்டாப்பில் தூரத்தில் ஏதோ பெரிதாக வந்தது. முந்திக்கொண்டு படிக்க வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

"கண்ணு, அது தாம்பரம் போகுமா பாரு."

"அது தண்ணி லாரிம்மா."