கதிரையில் இருந்து பழகிய முதல் அடி

எனக்குக் கோபம் வந்தால் அது நேரே கைக்குத்தான் போகும். பிலியார்தோ என்று இத்தாலிக்காரர் சொல்லும் பில்லியர்ட்ஸ் மேசையில் முக்கோணமாக அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் அந்த முதல் அடியை நான் அடித்தால் வெள்ளைப் பந்தும் குழிக்குள் விழும். இல்லையென்றால் மேசையை விட்டே பாயும். ஒருமுறை தேவாலயப் பங்கு மண்டபத்துத் தேத்தண்ணிக் கேத்தலை நெளித்துவிட்டது.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் நாங்கள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றித்தான் நிற்போம். பெருநாளுக்குச் சோடிப் போட்டி உண்டு. என் சோடி எப்போதும் என் மனைவி. நான் முதல் அடியைக் கெடுப்பேன், அவள் மிச்சத்தைக் காப்பாற்றுவாள். போன வருடம் அவளாலும் முடியவில்லை. இந்த வருடம் போட்டிக்கு ஒன்றரை மாதம் இருக்க, வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, நீங்கள் திருந்தாட்டி நான் தம்பியோட விளையாடப் போறன்.”

அவளுடைய தம்பி, ஒவ்வொரு ஞாயிறும் “அத்தான், ஹெல்மெட் போடட்டோ?” என்று கேட்கிறவன். தோற்பது எனக்குப் பழக்கம். அவள் இன்னொருவனோடு சோடியாக நிற்பதை சுவரோர வாங்கில் குந்தியிருந்து பார்க்க மட்டும் என்னால் ஏலாது.

இன்னும் பலமாக அடித்துப் பார்த்தேன். இன்னும் மோசமானது.

அவளுக்கு நகரத்துக் கால்சாப் பக்கம் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா வீட்டில் வேலை. எனக்குக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு உணவகத்துக் குசினி. இருவருக்கும் வியாழன் பின்னேரம் ஓய்வு. ஒரு வியாழன் அவள் மண்டபத் திறப்பை வாங்கி வந்து கதவைத் திறந்தாள். நான் மூன்று தரம் அடிப்பதைப் பார்த்தாள்.

“கரம்போட்டில ஆராவது எழும்பி அடிச்சால் சண்டைக்குப் போவியள். இஞ்சை நீங்கள் ஏன் எழும்புறியள்?”

உண்மை. காய்களை விரலால் சுண்டும் கரம்போட்டில் கதிரையை விட்டு எழும்பி அடிப்பது கள்ள விளையாட்டு. அதற்காக ஒருவனோடு இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தவன் நான். இங்கேயோ கோலைத் தள்ளும்போதே என் முழு உடம்பும் நிமிர்ந்துவிடுகிறது. கோலின் முனை வெள்ளைப் பந்தின் நடுவில் படாமல் கீழே போய்த் தோண்டுகிறது.

ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். இருந்து அடிக்கச் சொன்னாள். வெட்கக்கேடு. ஆனால் இருந்தபடி பாதிப் பலம்தான் போடலாம். வெள்ளைப் பந்து முன்பந்தின் நெற்றியில் பட்டு, மேசை நடுவில் வந்து நின்றது. நாலாவது வியாழன் கதிரையை எடுத்துவிட்டு, “கதிரை இருக்கெண்டு நினையுங்கோ,” என்றாள்.

அடுத்த ஞாயிறு பெயர் கொடுக்கும் நாள். முதலில் ஒரு அடி அடித்துக் காட்டச் சொன்னாள். அவளுடைய தம்பி கோலுக்குச் சோக்குத் தடவிக்கொண்டு பக்கத்திலேயே நின்றான்.

அடித்தேன். பந்துகள் சிதறி ஓடின. ஒன்று குழிக்குள் விழுந்த சத்தமும் கேட்டது. எது என்று பார்க்கப் பயம். இல்லாத கதிரையில் அப்படியே இருந்தேன். தொடை நடுங்கியது.

“அத்தானுக்கு நாரி பிடிச்சிட்டுது,” என்று தம்பி தன் இடுப்பைப் பிடித்துக் காட்டினான்.

“எழும்புங்கோ,” என்றாள் அவள்.

வெள்ளைப் பந்து மேசை நடுவில் நின்றது. தம்பி சோக்கை என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போனான்.

பெயர்ப் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். எங்கள் இருவர் பெயரும் அவள் கையெழுத்தில், எல்லாருக்கும் மேலே. அப்படியென்றால் பூசைக்கு முதலே எழுதியிருக்கிறாள். பிறகு ஏன் ஒரு மாதம் என் தொடையை முறித்தாய் என்று கத்தினேன்.

“மண்டபத்தில இருக்கிறது அந்த நெளிஞ்ச கேத்தல் ஒண்டுதான்,” என்றாள்.