செலின் அணைத்த திரை

செலின் வேலை செய்யும்போது கணினித் திரை கறுப்பாக இருக்கும். ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து அவள் பார்வை போயிற்று. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று அவள் காதுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். திரையை இருட்டாக்கும் வசதியும் அதிலேயே உண்டு. வாடிக்கையாளரின் ஐசி என்னும் அடையாள அட்டை எண்ணும் நோய் விவரமும் அந்தப் பக்கம் போகிறவர் கண்ணில் படக்கூடாது என்று அவள் திரையை அணைத்து வைப்பாள். முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்க முடியாதவள் வேறு என்ன செய்வாள்?

அந்த மென்பொருளுக்கு விலை கிடையாது. பல நாடுகளில் இருப்பவர்கள், பார்வையற்றவர்களும்தான், சேர்ந்து எழுதி, யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கிறார்கள். மலாக்காவில் அதை நிறுவிவிட்டுத் தடுமாறும் தமிழர்கள் செலினைத்தான் போனில் கூப்பிடுவார்கள். சர்க்கரை நோயில் பார்வை இழந்த பெம்பான் ஊர் லாரி ஓட்டுநர் வீரப்பனுக்கு, ஒவ்வொரு விசையாகத் தடவ வைத்து மூன்று மாதம் போனிலேயே கற்றுக்கொடுத்தாள்.

"செலின்மா, இந்த ஆளு என்னா வேகமா பேசுறான் லா! என் பொண்டாட்டியே தோத்துருவா."

"மெதுவாக்க பட்டன் இருக்குண்ணே. அண்ணிக்குத்தான் இல்ல."

ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களின் மகள் அவள். பார்வையற்றவர் என்றால் உடம்பு பிடித்துவிடத்தான் லாயக்கு என்று இந்த நாட்டில் யாரோ சட்டம் எழுதி வைத்ததுபோல், பட்டணத்து மசாஜ் கடை ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தள்ளினாள். படுத்திருக்கும் அந்நிய ஆணின் கை எந்த நேரம் எங்கே நீளும் என்ற பயத்திலேயே நாள்கள் போயின. முப்பத்தைந்தாவது வயதில்தான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் தொலைபேசிச் சேவை வேலை கிடைத்தது. ஆறு மாதச் சோதனைக் காலம். தேறினால் நிரந்தரம். இல்லையென்றால் மறுபடியும் மசாஜ் கடை.

ஐந்தாம் மாதம் நிறுவனம் புதிய செயலியைக் கொண்டுவந்தது. அதன் பொத்தான்களுக்குப் பெயரே வைக்கவில்லை. காதில் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்டது. மென்பொருளை எழுதிய தன்னார்வலர்களுக்குச் செலின் எழுதினாள். முகம் தெரியாத ஒருவர், அவரும் பார்வையற்றவர், எட்டு நாள் அவளோடு மின்னஞ்சலில் மல்லுக்கட்டி, ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் சொல்லும் துணைநிரல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். வேலை தடையின்றி ஓடியது.

மேற்பார்வையாளர் சுகுமாரன் ஒருநாள் அவள் பின்னால் வந்து நின்றார். திரை கறுப்பாக இருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் அறைக்குக் கூப்பிட்டார்.

"பதினேழாம் தேதி கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டு, ஹெட்போன்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

"பாட்டு இல்ல சார், அதான் எனக்கு ஸ்கிரீன். கஸ்டமர் விஷயம் வெளிய தெரியக்கூடாதுன்னு கறுப்பா வச்சிருக்கேன். அன்னிக்கு எத்தன கால் எடுத்தேன்னு சிஸ்டத்துல இருக்கும். தொறந்து பாருங்க."

"இருட்டுல எப்படி லா வேலை செய்ய முடியும்?"

"நான் எப்பவும் இருட்டுலதான் சார் செய்றேன்."

நகைச்சுவை என்று நினைத்து அவர் சிரித்தார். பதிவைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சலில் கடிதம் வந்தது. தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். மென்பொருள் "காலியான ஆவணம்" என்றது. படத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுக்கச் சொன்னாள். வழக்கமாக அவள் கேட்கும் வேகம் மற்றவர்களுக்கு வண்டு இரைவது போலிருக்கும். அன்று அதை வீரப்பனுக்கு வைத்துக் கொடுத்த மெதுவான வேகத்துக்கு இறக்கினாள். பணியில் கவனமின்மை. சேவை தேவையில்லை. இரண்டு முறை கேட்டாள்.

பதிவைப் பார்க்கும்படி இரண்டு முறை எழுதினாள். முடிவு இறுதியானது என்று ஒரு வரி வந்தது. "பாவம் லா" என்றார்கள் தெரிந்தவர்கள். உபவாச ஜெபத்துக்கு வரச்சொன்னாள் பெரியம்மா. பரிதாபப்பட ஆள் உண்டு, ஜெபிக்க ஆள் உண்டு. கணினியில் இருந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க, நல்ல கண் உள்ள ஒருவர்கூட அந்த அலுவலகத்தில் இல்லை.

மசாஜ் கடையில் அவளது பழைய கட்டிலையே கொடுத்தார்கள்.

போன மாதம் வீரப்பனுக்குக் கிளினிக் ஒன்றில் போன் எடுக்கும் வேலை கிடைத்தது. அவர் கூப்பிட்டபோது செலினின் கையெல்லாம் எண்ணெய். முழங்கையால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"செலின்மா, திங்கக்கிழம வேலைக்குப் போறேன். ஸ்கிரீன இருட்டாக்குற பட்டன் எது? நீ சொல்லிக் குடுத்த, மறந்துட்டேன்."

அவள் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தாள்.

"அத விடுங்கண்ணே. வெளிச்சமாவே இருக்கட்டும்."

"நமக்கு எதுக்கு லா வெளிச்சம்? கரண்டுக்குக் கேடு."

"நமக்கு இல்லண்ணே. பின்னால வந்து நிக்கிற சூப்பர்வைசருக்கு."

"அப்ப நோயாளிங்க விவரத்த எல்லாம் போறவன் வர்றவன் படிப்பானே?"

கதவு மணி அடித்தது. அடுத்த ஆள் வந்து கட்டிலில் படுத்த சத்தம் கேட்டது.

"படிக்கட்டும்ணே" என்றாள் செலின்.