காது திறந்த கதை

மருத்துவமனையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே, தூத்துக்குடியின் மருத்துவ வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடம் காது, மூக்கு, தொண்டை பார்த்தவன். என்னை விட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள் என்ற நினைப்பு. நாற்பது பக்கம் ஆனதும், அடுத்த தெருவில் இருக்கும் வரலாற்றுப் பேராசிரியை ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன்.

இரண்டே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார்.

"நல்லா இருக்கு சார். ஆனா எல்லாரும் டாக்டர்மாராவே இருக்காங்களே. நோயாளி ஒருத்தர்கூட வரலியே?"

"மருத்துவ வரலாறுன்னா டாக்டர்மார் வரலாறுதானம்மா?"

"அப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. டாக்டர்மாரே டாக்டர்மாரைப் பத்தி எழுதுனாங்க. பெறவு எங்கள மாதிரி வரலாறு படிச்ச ஆளுங்க உள்ள வந்து, படுத்துக் கிடந்தவங்க என்ன சொன்னாங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளே, ஒரு காலத்தில் என்னிடம் காதைக் காட்ட வந்த ஒருவரைத் தேடிக் கடற்கரைத் தெருவுக்குப் போனேன். கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். செவிப்பறை கிழிந்து வந்தவரை அப்போது நான் திட்டு திட்டென்று திட்டியிருந்தேன். அதைச் சொல்லியே அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"டாக்டரய்யா, நீங்க அதை நோயின்னு சொல்லுதீய. காதுல மொதமொதல்ல ரத்தம் வந்த அன்னைக்கு, 'ஏலே, காது தொறந்துட்டு'ன்னு எங்கப்பா என்னைத் தூக்கிட்டு ஆடுனாரு. வீட்டுல கோழி அடிச்சுக் கொழம்பு வச்சாங்க. காது தொறந்தாத்தான் ஆழத்துல வலி தெரியாதும்பாங்க. அதுக்குப் பெறவுதான் ஆழத்துக்கு எறங்க விட்டாங்க."

அந்தக் குழம்பு என் கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை. வீட்டுக்கு வந்து முதல் பக்கத்திலிருந்து மாற்றி எழுதினேன்.

பேராசிரியையின் கல்லூரிக் கருத்தரங்கில் அதை வாசித்தபோது, சங்கு எடுத்தவர் தன் மனைவியோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரிக்கும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். முடித்ததும் மனைவி எழுந்தார்.

"இவரு காதுல சீழ் வடிஞ்சப்ப எண்ணெய் காய்ச்சி ஊத்துனது நாந்தான். அது ஏன் இதுல வரல?"

"ஐயோ, எண்ணெய் ஊத்தவே கூடாதும்மா!" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அரங்கமே சிரித்தது. பேராசிரியை கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, அந்த அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சரிம்மா, என்ன எண்ணெய்? எத்தனை நாளு? மொதல்ல இருந்து சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். டீ வந்தும் யாரும் எழுந்து போகவில்லை. என் பேனாவில் மை தீர்ந்ததும் யாரோ இன்னொன்றை நீட்டினார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை.