வரப்புக்குப் போன இரண்டு எண்கள்

தொண்ணூறுகளின் கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மருந்து மொத்தக் கடையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. ஏழெட்டு கம்ப்யூட்டர்கள், அவற்றைக் கோர்க்கும் கேபிள், அப்புறம் நான். வள்ளியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சை எடுப்பதில்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே அந்த வேலையை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடை அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். அந்த வருஷம் பாகம் பிரிக்க முடிவாயிற்று. நடுவே பிளைவுட் தடுப்பு வந்தது. ஒருத்தர் பில்லை இன்னொருத்தர் பார்க்கக் கூடாது. சரக்கு மட்டும் கொஞ்ச காலம் ஒரே குடோனில் பொதுவாக இருக்கும். கம்ப்யூட்டரையும் அதேபோலப் பிரித்துக் கொடு என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் கொள்ளைச் சந்தோஷம். நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்தால், பொதுச் சரக்குக் கணக்குக்காக நடுவே ஒரு கம்ப்யூட்டர் நின்று, இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் கடத்த வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. என்னை விட்டால் வேறு யார்?

இருவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். நெட்வொர்க் என்பது ஒரு தெரு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு கதவு எண். பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை எண்கள் உண்டு. முதல் எண் தெருவுக்கே பேர். கடைசி எண், தெரு முழுக்க ஒரே நேரத்தில் கூப்பிடுவதற்கு. இந்த இரண்டையும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்க முடியாது. மிச்சம் இருநூற்று ஐம்பத்துநான்கு. தெரு எதுவரை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைக்கும் இன்னோர் எண் இருக்கிறது, மாஸ்க் என்பார்கள். அதை மாற்றினால் ஒரு தெரு இரண்டு தெருவாகிவிடும். ஒவ்வொன்றிலும் மறுபடி முதலும் கடைசியும் போக, ஆளுக்கு நூற்று இருபத்தாறு.

மூத்தவரான அண்ணாச்சி மனக்கணக்கில் புலி.

"கூட்டினா ரெண்டு கொறயுதே பிள்ள. அத எந்தப் பக்கம் போட்டிருக்க?"

இருப்பதே ஏழெட்டு கம்ப்யூட்டர், மற்ற எண்களெல்லாம் காலியாகத்தானே கிடக்கப்போகின்றன என்று சொல்லியிருக்கலாம். அதிகப்பிரசங்கி நான். புரியவைக்கிறேன் பேர்வழி என்று, "வயல ரெண்டாப் பிரிச்சா வரப்புக்கு எடம் போகும்லா அண்ணாச்சி, அது மாதிரிதான்" என்றேன்.

இரண்டு முகமும் இறுகிவிட்டன. ஆற்றுப் பாசன வயலில் ஒரு வரப்புக்காக அவர்களுடைய அப்பாவும் சித்தப்பாவும் சாகும்வரை கோர்ட்டுக்கு நடந்தவர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வரப்பு யார் பக்கம் என்று தம்பி கேட்டார். எந்தப் பக்கமும் இல்லை என்றேன். அப்படி ஒரு வரப்பு இந்த ஜில்லாவிலேயே கிடையாது என்றார். அப்புறம் எழுதிக் காட்டியும் எடுபடவில்லை. இரண்டு எண்ணும் தம்பிக்குப் போயிற்று என்று அண்ணனும், அண்ணனுக்குப் போயிற்று என்று தம்பியும் நம்பினார்கள். எதிலும் ஒத்துப்போகாத இருவரும், நான் எதையோ மறைக்கிறேன் என்பதில் மட்டும் ஒன்றானார்கள்.

நடுவில் நிற்க வேண்டிய கம்ப்யூட்டரை எங்கே வைக்கலாம் என்று மறுநாள் கேட்டேன். அண்ணாச்சி கோபமே இல்லாமல் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் கால் வச்சிருக்க மிஷினும் வேண்டாம். ரெண்டு பக்கமும் பேசுத பிள்ளயும் வேண்டாம். வீட்டுக்குப் போயிரும்மா."

கேபிளை வெட்டிவிட்டார்கள். குடோனில் என்ன சரக்கு இருக்கிறது என்று தடுப்புக்கு மேலாகக் கத்திக் கேட்டுக்கொண்டார்களாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பஸ்ஸில் அழுதேன். வள்ளியூர் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா அதிகம் காத்திருக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா, பெண் என்ன வேலை பார்த்தாள் என்று கேட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். தெரு, கதவு எண், மாஸ்க் எல்லாவற்றையும் அப்பாவுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அவருக்கு நன்றாகவே தெரியும்.

"சும்மா டைப் அடிச்சிட்டு இருந்தா. இப்ப அதுவும் இல்ல" என்றார்.

அந்த அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று.